நீலமாகத் தெரிந்த குப்பி

ஆய்வகத்தில் என் அலமாரியின் மேல்தட்டில், தங்க நானோ துகள்கள் மிதக்கும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் தெளிந்த, அழுத்தமான நீலம். அதையே ஒரு கருப்புக் காகிதத்துக்கு முன்னால் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றும் வராது. இரண்டு வருஷமாக அதைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. நான் செய்த சாம்பிள்களிலேயே கணக்குக்கு மிக நெருக்கமாக வந்தது அதுதான். எதற்காகச் செய்தேனோ, அந்த வேலைக்குக் கொஞ்சமும் உதவாமல் போனதும் அதுதான். இந்த இரண்டும் ஒரே குப்பிக்குள் எப்படி இருக்க முடியும் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. புரிந்த பிறகு, இந்தத் துறையில் நாங்கள் தினமும் சொல்லும் ஒரு வார்த்தையின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துகள் ஒளியைப் பிடிக்கும் நிறத்தை மாற்றியமைப்பதை 'டியூன் பண்ணுவது' என்கிறோமே, அந்த வார்த்தை.

எனக்குத் தேவைப்பட்டது எளிமையான ஒன்று. இருள்புல நுண்ணோக்கியில் பார்க்கும்போது சிவப்பாக, பளிச்சென்று, தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும் துகள்கள். அந்த நுண்ணோக்கியில் விளக்கின் ஒளி நேராகக் கண்ணுக்கு வராது. சாய்வாக வந்து துகள் மீது பட்டு, துகள் எதைச் சிதறடிக்கிறதோ அது மட்டும்தான் லென்ஸுக்குள் நுழையும். அதனால் பின்னணி இருட்டு, துகள் வெளிச்சம். சாயமூலக்கூறுகளை வைத்தும் இப்படி அடையாளம் போடலாம்தான், ஆனால் அவை கொஞ்ச நேரத்தில் வெளுத்துப்போகும். உலோகத் துகள் வெளுக்காது, விட்டுவிட்டு அணையாது. மணிக்கணக்காக அதைப் பின்தொடரலாம். அந்த நிதானத்துக்காகத்தான் நான் தங்கத்தின் பக்கம் வந்தேன்.

இரண்டு பரப்புகள்

தண்ணீரில் மிதக்கும் சாதாரணத் தங்க நானோ உருண்டை ஒளியோடு ஒத்ததிர்வது, அதாவது அதன் எலக்ட்ரான்கள் ஒளியின் தாளத்தோடு சேர்ந்து மிக வலுவாக ஆடுவது, 520 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே, பச்சையில். உருண்டையைப் பெரிதாக்கினால் இந்த இடம் கொஞ்சம் நகரும். 100 நானோமீட்டர் விட்டத்துக்குப் போனாலும் 570 அளவில்தான் நிற்கும். சிவப்புக்குக் கொண்டுவர அளவு மட்டும் போதாது, அமைப்பை மாற்ற வேண்டும். நடுவில் சிலிக்கா, அதன் மேல் மெல்லிய தங்க உறை. இப்படி உறை போட்ட உருண்டை ஒளியை எப்படிச் சிதறடிக்கும் என்ற கணக்கை ஏடனும் கெர்க்கரும் 1951-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். சிலிக்கா மேல் தங்கம் பூசிய துகள்களை நவோமி ஹாலஸின் குழு செய்து காட்டியது 1998-இல். கணக்குக்கும் பொருளுக்கும் நடுவே கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு.

எனக்குப் பிடித்த விளக்கம் 2003-இல் வந்தது. புரோடன், ராட்லாஃப், ஹாலஸ், நார்ட்லாண்டர் நால்வரும் சொன்னது. தங்க உறைக்கு இரண்டு பரப்புகள் உண்டு: வெளியே ஒன்று, உள்ளே சிலிக்காவை ஒட்டி ஒன்று. வெளிப்பரப்பின் எலக்ட்ரான்கள் ஒரு முழு உருண்டையின் எலக்ட்ரான்கள் போல ஆடும். உட்பரப்பின் எலக்ட்ரான்கள், உலோகத்துக்குள் ஒரு வெற்றிடக் குமிழி இருந்தால் எப்படி ஆடுமோ அப்படி ஆடும். உறை தடிமனாக இருக்கும்வரை இரண்டு பரப்பும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. உறை மெலிய மெலிய, ஒன்றின் ஆட்டம் மற்றதை இழுக்க ஆரம்பிக்கும். அப்புறம் இரண்டு அணுக்கள் சேர்ந்து மூலக்கூறு ஆகும்போது நடப்பதுதான் இங்கேயும் நடக்கும்: ஒரு மட்டம் கீழே இறங்கும், இன்னொன்று மேலே ஏறும். கீழே இறங்கியதுதான் நமக்குச் சிவப்பு.

இந்த இறக்கம் எவ்வளவு என்பது கருவின், அதாவது நடுவில் இருக்கும் சிலிக்காவின் ஆரத்துக்கும் மொத்த ஆரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. மற்ற சிக்கல்கள் எதுவும் இல்லாத ஓர் இலட்சிய உலோகத்தை எடுத்துக்கொண்டு, கருவும் சுற்றுப்புறமும் வெற்றிடம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், விகிதம் 0.8 ஆகும்போது ஒத்ததிர்வின் அலைநீளம் முழு உருண்டைக்கு இருப்பதைப்போல 1.6 மடங்கு ஆகிறது. 0.9 ஆனால் கிட்டத்தட்ட 2.3 மடங்கு. கடைசிச் சில நானோமீட்டர்களில்தான் மொத்த விளையாட்டும் இருக்கிறது. நிஜத் தங்கத்தில் நகர்வு இதைவிட மிதமானது. இருந்தாலும் 60 நானோமீட்டர் ஆரமுள்ள சிலிக்காவின் மேல் உறையை 20-இலிருந்து 5 நானோமீட்டருக்குக் குறைத்தால், ஒத்ததிர்வின் உச்சம் சுமார் 700-இலிருந்து 1000 வரை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குள்ளேயே போய்விடும்.

முதல் தோராயத்தில் இங்கே விகிதம்தான் முக்கியம், மொத்த அளவு வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் அதைக் கவனித்தேன், தப்பாகக் கவனித்தேன். அளவு முக்கியமில்லை என்றால் சின்னதாகவே செய்யலாமே என்று எடுத்துக்கொண்டேன். சின்னத் துகள் சீக்கிரம் அடியில் படியாது, எதன் மேல் ஒட்டினாலும் அதற்குப் பாரமாக இருக்காது. 40 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா, மேலே 5 நானோமீட்டர் தங்கம், மொத்தம் 50. தண்ணீரில் கணக்குப் போட்டால் உச்சம் 650-ஐ ஒட்டி வருகிறது. எனக்கு வேண்டிய சிவப்பு அதுதான். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

நிறம் மாறும் சில நிமிடங்கள்

செய்முறையை விரிவாகச் சொல்லப்போவதில்லை, இந்த வேலை தெரிந்தவர்களுக்கு அது மனப்பாடம். ஆனால் ஒரு கட்டத்தை மட்டும் சொல்லியாக வேண்டும், எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை. சிலிக்கா உருண்டைகளின் மேல் 2, 3 நானோமீட்டர் அளவில் தங்க விதைகள் ஒட்டியிருக்கும். தங்க உப்பைப் பொட்டாசியம் கார்பனேட்டோடு ஒரு நாள் ஊறவைத்தால் அதன் மஞ்சள் போய் நிறமில்லாத கரைசல் ஆகிவிடும். இரண்டையும் கலந்து, மெல்லச் சுழலவிட்டு, ஃபார்மால்டிஹைடு சேர்க்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. குடுவைக்குள் வெளிறிய பழுப்பு அப்படியே இருக்கும். நடக்கவில்லையோ என்று கை மறுபடியும் பாட்டிலுக்குப் போகிற நேரத்தில் ஓரத்தில் ஒரு இளஞ்சிவப்பு தட்டும். அப்புறம் எல்லாம் வேகம்: ஊதா, கருநீலம், நீலம்.

அந்த நிறமாற்றத்தில் ஒரு கதை இருக்கிறது. விதைகள் வளர்ந்து தீவுகளாகி, தீவுகள் ஒன்றையொன்று தொடும்வரை உச்சம் சிவப்புப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். உறை முழுமையாக மூடிய கணத்தில் திரும்பும். அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு தங்க அடுக்கும் உறையைத் தடிமனாக்குவதால், உச்சம் நீலப் பக்கம் வர ஆரம்பிக்கும். போய்த் திரும்பி வரும் இந்தப் பயணத்தில் எங்கே நிறுத்துவது என்பதை, சேர்க்கும் தங்கத்தின் அளவுதான் முடிவு செய்கிறது. 5 நானோமீட்டர் என்பது சுமார் 20 அணு அடுக்குகள். அதைச் சந்துபொந்து இல்லாமல் மூடவைக்க எனக்கு பதினோரு முயற்சிகள் ஆயின. பன்னிரண்டாவதில் வந்த நீலம்தான் அலமாரியில் இருக்கும் குப்பி.

ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தேன். உச்சம் கணக்கில் வந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் தள்ளி, அவ்வளவுதான். அகலம் மட்டும் கணக்கைவிடக் கொஞ்சம் அதிகம். எல்லா உறையும் ஒரே தடிமனில் இருக்காது, அதனால் அகலத்தான் செய்யும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அந்த அகலத்துக்குள் ஒரு முக்கியமான செய்தி ஒளிந்திருந்ததை அன்று நான் படிக்கவில்லை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இருட்டு

அடுத்த நாள் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு, இருள்புல நுண்ணோக்கியில் பார்த்தேன். இருட்டாக இருந்தது. அங்கங்கே வெள்ளையாகச் சில பெரிய புள்ளிகள். அவை தூசு, பார்த்தாலே தெரியும். சிவப்பு எங்கேயும் இல்லை. குவியத்தை மேலும் கீழும் நகர்த்தினேன். கண்டென்சரில் எண்ணெய்க்குள் குமிழி இருக்கிறதா என்று துடைத்து மறுபடியும் வைத்தேன். துளி காய்ந்துவிட்டதோ, துகள்கள் கண்ணாடியில் ஒட்டவே இல்லையோ என்று புதுத் தகடு தயார் செய்தேன். கேமராவில் நேரத்தை நீட்டி நீட்டி வைத்துப் பார்த்தபோது, மிக மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்குச் சில சிவப்புப் பொட்டுகள் வந்தன. துகள்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் ஒளிரவில்லை.

இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் எங்கள் குழுவில் மூத்தவரான ஒரு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் குப்பியைக் கையில் எடுத்தார்.

"பீக் எதுல பார்த்து வச்சிருக்கே?"

"ஸ்பெக்ட்ரோமீட்டர்லதான் அண்ணா. கரெக்டா 650 கிட்ட வந்திருக்கு."

"அது சரி. கருப்புக்கு முன்னாடி வச்சுப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. வரும் பொட்டலங்களில் சுற்றியிருக்கும் கருப்புத் தாள் ஒன்றைக் கிழித்துச் சுவரில் சாய்த்தார். குப்பியை அதன் முன்னால் வைத்துப் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தார். நீலம் போய்விட்டது. ஒளிக்கற்றை உள்ளே நுழைந்த இடத்தில் இருக்கிறதோ என்னவோ என்கிற மாதிரி ஒரு மங்கல் தடம், அவ்வளவுதான். பிறகு அவருடைய பெட்டியிலிருந்து ஒரு பழைய குப்பியைக் கொண்டுவந்து அதன் அருகில் வைத்தார். அதில் இருந்தது இருநூறு நானோமீட்டரை நெருங்கும் பெரிய துகள்கள். ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் அழுக்குத் தண்ணீர் மாதிரி, பார்க்க எந்த அழகும் கிடையாது. கருப்புக்கு முன்னால் அதே தண்ணீர் பால் கலந்த செம்பு நிறத்தில் ஒளிர்ந்தது. குப்பி முழுக்க வெளிச்சம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

நான் இரண்டு நாளாகத் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸில் எந்தக் குறையும் இல்லை. என் துகள் 650 நானோமீட்டர் ஒளியைப் பிடிக்கிறது, ஆனால் வெளியே விடுவதில்லை. விழுங்கிச் சூடாக்கிக்கொள்கிறது. ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. விளக்கிலிருந்து புறப்பட்ட ஒளியில் எவ்வளவு கருவிக்கு வந்து சேரவில்லை என்று மட்டும்தான் அது எண்ணுகிறது. வராமல் போன ஒளி உள்ளேயே செத்ததா, பக்கவாட்டில் தப்பித்துப் போனதா என்று அது கேட்பதில்லை. நான் 'சிதறல் உச்சம்' என்று நோட்டில் எழுதிவைத்திருந்தது, உறிஞ்சலும் சிதறலும் சேர்ந்த மொத்த ஒளியிழப்பின் உச்சம். அதில் பெரும்பங்கு உறிஞ்சல்.

கனஅளவின் வர்க்கம்

காரணம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகளில், உறிஞ்சல் கனஅளவுக்கு ஏற்ப வளரும். சிதறல் கனஅளவின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். ஆரத்தில் சொன்னால் ஒன்று மூன்றாம் அடுக்கு, மற்றது ஆறாம் அடுக்கு. இதை வெறும் சூத்திரமாக வைத்துக்கொண்டால் கையில் எதுவும் நிற்காது. ஏன் என்று யோசித்தால்தான் நிற்கிறது. உறிஞ்சும்போது உலோகத்தின் ஒவ்வொரு துணுக்கும் தன் பங்கைத் தானே சூடாக்கிக்கொள்கிறது. இரண்டு மடங்கு உலோகம் இருந்தால் இரண்டு மடங்கு சூடு. சிதறும்போது எல்லாத் துணுக்குகளும் ஒரே தாளத்தில் ஆடி, அவற்றின் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. இரண்டு மடங்கு உலோகம் இரண்டு மடங்கு உயரமான அலையைத் தரும். அலையின் உயரம் இரட்டித்தால் அது சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்கு.

என் துகளின் எல்லா அளவுகளையும் அப்படியே இரட்டித்தால், 80 நானோமீட்டர் சிலிக்கா, 10 நானோமீட்டர் தங்கம் என்று வைத்தால், விகிதம் மாறாது, உச்சம் பெரிதாக நகராது. உறிஞ்சல் 8 மடங்கு கூடும், சிதறல் 64 மடங்கு கூடும். ஸ்பெக்ட்ரோமீட்டரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளைவாகத்தான் தெரியும். உருண்டைத் தங்கத்துக்கும் இதே கதைதான்: 20 நானோமீட்டர் உருண்டை ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிவிடும், 80 வரும்போது உறிஞ்சலும் சிதறலும் ஒப்பிடத்தக்க அளவுக்கு வந்துவிடும்.

அந்த அகலமான உச்சத்துக்கு வருகிறேன். தங்கத்துக்குள் ஓர் எலக்ட்ரான் எதிலும் மோதாமல் சராசரியாக 40 நானோமீட்டர் அளவுக்கு ஓடும். என் உறையோ 5 நானோமீட்டர். எலக்ட்ரான் இந்தச் சுவரில் மோதித் திரும்பினால் அடுத்த சுவர். ஒவ்வொரு மோதலும் ஆட்டத்தின் தாளத்தைக் கொஞ்சம் கலைக்கிறது, ஒத்ததிர்வு தணிகிறது, உச்சம் அகலமாகிறது. ஒத்ததிர்வின் உச்சியில் தணிப்பு இரட்டித்தால் உறிஞ்சல் பாதியாகும், சிதறலோ கால் பங்காகிவிடும். அடி இரண்டு பேருக்கும் விழுகிறது, சிதறலுக்கு இரண்டு முறை விழுகிறது. 'உறைத் தடிமன் ஒரே சீராக இல்லை, அதனால்தான் அகலம்' என்று நான் தள்ளிவிட்ட அந்தக் கூடுதல் அகலத்திலேயே, இது ஒளிராது என்ற எச்சரிக்கையும் இருந்திருக்கிறது.

இதில் என்னை அதிகம் உறுத்தியது, இது பழைய விஷயம் என்பதுதான். 1908-இல் குஸ்தாவ் மீ தங்கக் கூழ்மங்களுக்குக் கணக்குப் போட்டபோதே உறிஞ்சலையும் சிதறலையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் பார்த்தார். அதற்கும் முன்னால், 1857-இல், மைக்கேல் ஃபாரடே தன் சிவப்புத் தங்கத் திரவங்களுக்குள் லென்ஸால் சூரிய ஒளியைக் குவித்துப் பார்த்தார்; நேராகப் பார்த்தால் தெளிவாக இருந்த திரவத்துக்குள் ஒரு ஒளிக்கூம்பு எழும்பியதைக் கண்டுதான், இதற்குள் துகள்கள் இருக்கின்றன என்றார். அண்ணன் கருப்புத் தாளை வைத்து எனக்குக் காட்டியதும் அந்தக் கூம்பைத்தான், எலக்ட்ரான் நுண்ணோக்கி, மென்பொருள் எதுவும் இல்லாமல்.

வரிசையாக நிற்கும் குப்பிகளின் படம்

அதற்குப் பிறகு எந்தக் கருத்தரங்கில் உட்கார்ந்தாலும் ஒரு படம் என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: சிவப்பு, ஊதா, நீலம், பச்சை என்று வானவில் மாதிரி வரிசையாக நிற்கும் குப்பிகள், கீழே வரிசையாக நகரும் வளைவுகள், 'சிதறலை நம் விருப்பப்படி டியூன் செய்யலாம்' என்று ஒரு வரி. அந்தக் குப்பிகளுக்குப் பின்னால் எப்போதும் வெள்ளைப் பின்னணிதான் இருக்கும். அதில் தெரியும் நிறம், துகள்கள் எதையெல்லாம் கழித்த பிறகு மிச்சம் வந்ததோ அது. அதில் எவ்வளவு சிதறல், எவ்வளவு உறிஞ்சல் என்று அந்தப் படத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. படம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு.

லைகர்கஸ் கோப்பையைப் பற்றிச் சொல்லும்போதும் இதே அவசரம் நடக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடிக் கோப்பையை அறிமுகமாகக் காட்டாத நானோ உரையே இல்லை. கண்ணாடியில் பத்து லட்சத்தில் 300 பங்கு வெள்ளி, 40 பங்கு தங்கம், அதனால் உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கோப்பையின் பச்சை. வெளியிலிருந்து ஒளி பட்டால் அது பச்சையாகத் தெரிகிறதே, துகள்கள் நம் கண்ணை நோக்கிச் சிதறடிப்பது அந்தப் பச்சைதான். சிவப்பு, தாண்டி வந்த மிச்சம். ஒரே பொருளை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கவைத்த அந்தக் கோப்பை இந்தப் பாடத்தை முழுசாக வைத்திருக்கிறது; நாம்தான் பாதியை மட்டும் எடுத்துச் சொல்கிறோம்.

என் கருத்து இதுதான்: உச்சம் எங்கே என்பது ஒரு திருகு, பிடித்த ஒளியை என்ன செய்வது என்பது இன்னொரு திருகு. இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்வதால் முதல் திருகைத் திருப்பிவிட்டு இரண்டையும் திருப்பியதாக நினைத்துக்கொள்கிறோம். இப்போது எங்கள் ஆய்வகத்தில் எந்தச் சாம்பிளையும் இரண்டு முறை படம் எடுக்கிறோம், வெள்ளைக்கு முன்னால் ஒன்று, கருப்புக்கு முன்னால் ஒன்று. துல்லியமாக வேண்டும் என்றால் கரைசல் இருக்கும் கியூவெட்டை (அளவீட்டுக்கான சின்னக் கண்ணாடிப் பாத்திரத்தை) ஒருங்கிணைப்புக் கோளத்துக்குள் வைத்து, சிதறிய ஒளியையும் திரட்டி எண்ணிவிடலாம். அப்போது வராமல் போவது உறிஞ்சல் மட்டும். ஆனால் அந்தக் கோளத்துக்கு வரிசையில் நிற்கும் முன்பே, கருப்புத் தாள் பாதிக் கேள்வியை முடித்துவிடுகிறது.

பெரிதாக்கினால் போதுமா

போதாது. 80 நானோமீட்டர் சிலிக்காவை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தேன். இந்த அளவில் உருண்டைகள் சீராக வருகின்றன, தங்கமும் ஒழுங்காக மூடுகிறது, வேலை சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் துகள் பெரிதாகும்போது, அதன் ஒரு முனைக்கு வந்த அலை மறுமுனைக்குப் போய்ச் சேரும் நேரம் கணக்கில் வந்துவிடுகிறது. உச்சம் தானாகவே இன்னும் சிவப்புக்கு நகரும். அதை இழுத்து 650-க்குக் கொண்டுவர உறையை 10-ஐவிடத் தடிமனாக்க வேண்டியிருந்தது. விகிதம் மட்டும் போதும் என்ற அந்த அழகான எளிமை இங்கே முடிந்துவிடுகிறது. இன்னும் பெரிதாக்கினால் துகள் ஒளியை வெளியே விடும் வேகமே ஒத்ததிர்வைத் தணிக்க ஆரம்பிக்கும். வளைவு அகன்று படுத்துவிடும், பக்கத்தில் நான்முனை அதிர்வின் (எலக்ட்ரான்கள் நான்கு பகுதிகளாகப் பிரிந்து ஆடுவதன்) இரண்டாவது மேடு முளைக்கும். சுத்தமான சிவப்பு வேண்டும் என்பவருக்கு அது உதவாது.

இருமுனை அதிர்வு (எலக்ட்ரான்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முன்னும் பின்னும் ஆடுவது) ஒன்றால் மட்டும் ஒரு துகள் எவ்வளவு சிதறடிக்கலாம் என்பதற்கு ஒரு கூரையும் உண்டு. அலைநீளத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கி, 2π-ஆல் வகுக்க வேண்டும். 650 நானோமீட்டர் ஒளி தண்ணீருக்குள் சுமார் 490 நானோமீட்டராகச் சுருங்கும். அதை வைத்துப் பார்த்தால், 100 நானோமீட்டர் துகள் தன் நிழலின் பரப்பைப்போல அதிகபட்சம் 14 மடங்கு பரப்பிலிருந்து ஒளியை இழுத்துச் சிதறடிக்கலாம். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் இருமுனை அதிர்வையும் நான்முனை அதிர்வையும் ஒரே அலைநீளத்தில் கொண்டுவந்து அடுக்க வேண்டும். ருவானும் ஷான்ஹுய் ஃபானும் 2010-இல் அடுக்கடுக்கான உலோக அமைப்பில் அது முடியும் என்று கணக்கில் காட்டினார்கள். அதற்கு ஒரு உறை போதாது. பல அடுக்குகள் வேண்டும்.

என் இரண்டாவது சுற்றுத் துகள்களை இருள்புலத்தில் வைத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. குவியம் சரியாக வந்து நின்றதும் புலம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், தண்ணீரில் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே சிவப்பு இல்லை. ஒன்று ஆரஞ்சு, ஒன்று இரத்தச் சிவப்பு, ஒன்று கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் கருஞ்சிவப்பு. ஓரிரு நானோமீட்டர் உறை வித்தியாசம் இப்படி நிறமாகக் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஸ்பெக்ட்ரோமீட்டர் இத்தனை பேரையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே வளைவாகத் தந்திருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்ப சரி" என்றார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது அடுக்கு

அந்தப் பழைய நீலக் குப்பி என்னை விடவில்லை. அளவை வைத்துத்தான் இந்த இரண்டாவது திருகைத் திருப்ப முடியுமா, அடுக்குகளையே வைத்துத் திருப்ப முடியாதா என்ற கேள்வி மனசில் கிடந்தது. முடியும். நடுவில் ஒரு தங்க உருண்டை, அதன் மேல் மெல்லிய சிலிக்கா, அதன் மேல் மறுபடியும் தங்க உறை என்று அடுக்கினால், இப்போது பேசிக்கொள்ளும் பரப்புகள் மூன்று. குறைந்த ஆற்றல் மட்டத்தில் உள்ளே இருக்கும் உருண்டையும் வெளியே இருக்கும் உறையும் எதிரெதிராக ஆடுகின்றன. ஒன்று அனுப்பும் அலையை மற்றது பெருமளவு அழித்துவிடும். வெளியே சிதறல் குறைவு, உள்ளே சூடு அதிகம். கூடுதல் ஆற்றல் மட்டத்தில் இரண்டும் ஒரே பக்கமாக ஆடும், அது பளிச்சென்று சிதறடிக்கும். ஒரே துகள் ஒரு நிறத்தில் வாரி இறைக்கிறது, இன்னொரு நிறத்தில் விழுங்குகிறது.

எதிரெதிர் ஆட்டத்தை முழுசாகச் சமன் செய்தால் சிதறலே இல்லாமல் போகலாம் என்று கெர்க்கர் 1975-இலேயே எழுதியிருக்கிறார், உறை போட்ட அதே கணக்கை 1951-இல் எழுதிய கெர்க்கர். 2005-இல் ஆலுவும் எங்ஹெட்டாவும் அதைப் பிளாஸ்மான் உறைகளுக்கு, அதாவது எலக்ட்ரான்கள் இப்படி ஒன்றாக ஆடும் உறைகளுக்குக் கொண்டுபோய், ஒரு பொருளை ஒளிக்குத் தெரியாமல் மறைப்பது பற்றிப் பேசினார்கள். ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது: சிதறலே இல்லாமல் உறிஞ்சல் மட்டும் செய்ய எந்தத் துகளாலும் முடியாது. ஒளியில் நிழல் விழவைக்க வேண்டுமென்றால், வரும் அலையை அழிக்க ஒரு அலையைத் துகள் அனுப்பியே ஆக வேண்டும். எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் கேள்வி.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது இந்த மூன்றடுக்கைத்தான். கணக்குப்படி சிதறல் வளைவில் 720 நானோமீட்டர் அருகே ஒரு பள்ளம் வர வேண்டும். இருபுறமும் வெளிச்சம், நடுவில் சின்ன இருட்டு. கருப்புத் தாளுக்கு முன்னால் கரைசல் ஒழுங்காக ஒளிர்கிறது. ஆனால் கோளத்தில் அளந்து பிரித்தெடுத்த சிதறல் வளைவில் அந்த இடம் லேசாகக் குழிந்தமாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் சிலிக்கா ஒரு துகளில் கொஞ்சம் தடிமன், இன்னொன்றில் கொஞ்சம் மெலிசு, மூன்றாவதில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒருவரின் பள்ளத்தை அடுத்தவரின் மேடு நிரப்பிவிடுகிறது. அதனால் இப்போது சாயங்காலங்களில் இருள்புலத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு புள்ளியாக ஸ்பெக்ட்ரோமீட்டரின் பிளவுக்கு நேரே நகர்த்தி, அதன் நிறமாலையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்றுவரை நாற்பத்தாறு துகள்கள். முப்பத்து ஒன்றாவதில் 720-ஐத் தாண்டிச் சற்று வலப்பக்கம், வளைவு சட்டென்று கீழே இறங்கி மறுபடியும் ஏறியது. அந்தத் துகள் தகட்டில் இருந்த இடத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரம் கிடைத்ததும் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.